இரு வீட்டுப் பிள்ளையைத் துரோகி என்னாதீர்!

2024ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் ஒரு நாள், சுபுஹுத் தொழுகை முடிந்து பாடம் தொடங்கும் வேளையில் மாணவன் ஒருவன் எழுந்து நின்று, "ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்கலாமா?" என்றான். ஒளூவைப் பற்றியோ பாகப்பிரிவினையைப் பற்றியோ கேட்கப் போகிறான் என்றெண்ணி அனுமதி அளித்தேன். "தகப்பனார் மொராக்கோ நாட்டவர். பிள்ளை ஸ்பெயினில் பிறந்தவன். அவன் மொராக்கோவுக்காக ஆடாமல் ஸ்பெயினுக்காகக் கால்பந்து ஆடுவது கூடுமா, கூடாதா?" என்று கேட்டான்.

வகுப்பு முழுவதும் சிரித்தது. கேட்டவன் மட்டும் சிரிக்கவில்லை. முந்திய நள்ளிரவில் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதி ஆட்டம் நடந்திருந்தது. பதினேழு வயது நிறைய இன்னும் சில நாட்களே இருந்த லமீன் யமால் என்னும் சிறுவர் பிரான்சுக்கு எதிராகத் தொலைவிலிருந்து பந்தை வளைத்தடித்து வலைக்குள் சேர்த்து, ஸ்பெயினை இறுதியாட்டத்துக்கு இட்டுச் சென்றிருந்தார். என் மாணவன் கேட்டது அவரைப் பற்றியே.

அன்று மாலை தேநீர்க் கடையில் அதே வினா வேறோர் உருவில் எழுந்தது. அங்கே அது வினாவாக இல்லை, தீர்ப்பாகவே இருந்தது. எங்கள் மஹல்லாவின் பெரியவர் ஒருவர் உரத்த குரலில் சொன்னார்: "பதினாறு வயசுலேயே உம்மத்தை வித்துட்டான் பாருங்க! ஹக்கீமியும் ஸ்பெயினிலே பிறந்தவன்தானே? அவன் மொராக்கோவுக்கு ஆடலையா? அவன்தான் ஈமான்தாரி!" சுற்றியிருந்தோர் தலையசைத்தார்கள். நானும் தேநீரைக் குடித்துவிட்டு வாய் திறவாமல் வந்துவிட்டேன். அன்று பேசாமல் இருந்ததற்குப் பரிகாரமாகவே இன்று எழுதுகிறேன்.

என் வாதத்தை ஒளிவு மறைவின்றி முன்னதாகவே சொல்லி விடுகிறேன். இரு நாடுகளின் உறவோடு பிறந்த பிள்ளை எந்த நாட்டின் சட்டையை அணிந்து ஆடினாலும், அதை அவனுடைய விசுவாசத்துக்கோ ஈமானுக்கோ உரைகல்லாகக் கொள்வது அநீதி. குடியேறிய நாட்டார் அந்த அநீதியைச் செய்கிறார்கள். மூதாதையர் நாட்டாரும் செய்கிறார்கள். பார்வையாளராக இருக்கும் நாம் மார்க்கத்தின் பெயரால் அதையே செய்கிறோம். மூன்றாவதாகச் சொன்னதே எனக்கு மிகவும் வேதனை தருவது.

வழக்கின் பொருள் என்னவென்பதை முதலில் அறிந்து கொள்வோம். ஆட்டக்காரர் ஒருவர் கூலி பெற்று எந்த ஊர்க் கிளப்புக்கும் ஆடலாம். ஆண்டுதோறும் கிளப்பை மாற்றவும் செய்யலாம். நாட்டணி அப்படிப்பட்டதன்று. ஒரு நாட்டின் முதல்நிலை அணிக்காக அதிகாரபூர்வமான போட்டி ஒன்றில் சில நிமிடங்கள் ஆடிவிட்டாலும், வாழ்நாள் முழுதும் அந்த நாட்டுக்கே கட்டுப்பட்டவர் என்பதே உலகக் கால்பந்துச் சம்மேளனமான ஃபிஃபா நெடுங்காலம் வைத்திருந்த விதி. சிறுவர், இளையோர் அணிகளில் ஆடியவர் 21 வயதுக்குள் ஒரு முறை நாடு மாறலாம் என்று 2004இல் அது தளர்ந்தது. 2009இல் அந்த வயது வரம்பு நீங்கியது. முதல்நிலை அணியிலேயே ஆடியிருந்தாலும், 21 வயதுக்குள் மூன்று ஆட்டங்களுக்கு மேற்படாமல் ஆடி, மூன்று ஆண்டுகள் கழிந்து, உலகக் கோப்பை போன்ற பெரும் போட்டிகளின் இறுதிச் சுற்றில் ஆடாதிருந்தால் மாறலாம் என்று 2020இல் மேலும் தளர்ந்தது.

இவ்விதியின் கடுமையை ஒரு வாலிபரின் கதை விளக்கும். முனீர் அல் ஹத்தாதி ஸ்பெயினில் பிறந்தவர், மொராக்கோ வமிசாவளியினர். 2014 செப்டம்பரில், தம் பத்தொன்பதாம் வயதில், ஸ்பெயின் அணிக்காக மாசிடோனியாவுக்கு எதிரான ஆட்டத்தின் கடைசி 13 நிமிடங்கள் களத்தில் நின்றார். அதன் பின்னர் ஸ்பெயின் முதல்நிலை அணி அவரை அழைக்கவில்லை. மொராக்கோவுக்கு ஆட விரும்பினார்; விதி குறுக்கே நின்றது. 2018 உலகக் கோப்பைக்கு முன் விளையாட்டு நடுவர் நீதிமன்றம் வரை சென்றும் பயனில்லை. விதி தளர்ந்த பிறகு, 2021 மார்ச்சில்தான் மொராக்கோச் சட்டையை அணிந்தார். பதின்மூன்று நிமிடங்களுக்காக ஆறரை ஆண்டுகள்! திருமண ஒப்பந்தத்துக்கும் தலாக், குலா என்னும் வாயில்கள் உண்டு. பத்தொன்பது வயதுப் பிள்ளை 13 நிமிடங்கள் ஓடிய ஓட்டத்துக்கு அப்படியொரு வாயிலும் இல்லாதிருந்தது.

இத்தகைய நிலை தோன்றிய வரலாற்றையும் மறத்தலாகாது. அல்ஜீரியா பிரான்சின் பிடியில் இருந்த காலத்தில் அங்குப் பிறந்த ஆட்டக்காரர்கள் பிரெஞ்சு அணிக்கே ஆடினார்கள். 1958 ஏப்ரலில், சுவீடனில் உலகக் கோப்பை தொடங்க இரண்டு திங்களே இருந்தபோது, ரஷீத் மக்லூஃபியும் முஸ்தஃபா ஸைத்தூனியும் வேறு சிலரும் பிரான்சை விட்டு இரகசியமாக வெளியேறித் தூனிஸ் நகரம் சேர்ந்தார்கள். விடுதலை இயக்கத்தின் அணியில் இணைந்தார்கள். அந்த அணியை ஃபிஃபா ஏற்கவில்லை. மக்லூஃபிக்கு அப்பொழுது 21 வயது. உலகக் கோப்பையையும் பெரும் புகழையும் துறந்து சென்றார். 1962இல் அல்ஜீரியா விடுதலை பெற்றது. மக்லூஃபி முன்னர் ஆடிய செயிந்த் எத்தியேன் கிளப்புக்கே திரும்பினார். 1968 பிரெஞ்சுக் கோப்பை இறுதியாட்டத்தில் அந்தக் கிளப் பெற்ற இரு கோல்களும் அவர் அடித்தவையே. கோப்பையை வழங்கியவர் அதிபர் தெகோல்.

இந்த நிகழ்ச்சியைக் காட்டி, "பார்த்தீரா, நாட்டணி என்பது உயிர் போன்ற விஷயம்" என்று வாதிடுவோர் உண்டு. அது போர்க்காலம். ஒரு மக்கள் கூட்டம் தன் பெயருக்காகவே போராடிய காலம். அன்று அவர் எடுத்த முடிவு வீரம். இன்று மொராக்கோவும் ஸ்பெயினும் போரிடவில்லை. துருக்கியும் ஜெர்மனியும் போரிடவில்லை. போர் ஓய்ந்த பின்னும் பதினேழு வயதுச் சிறுவனைப் போர்க்களத்தில் நிறுத்தி, "நீ எந்தப் படை?" என்று மிரட்டுவது என்ன நியாயம்? போர்க்காலத்து வீரரையே பிரெஞ்சு ஊர் ஒன்று பத்தாண்டுக்குள் மீண்டும் தோளில் தூக்கியதே! அந்தப் பெருந்தன்மை நம் தேநீர்க் கடைக்கு ஏன் வரவில்லை?

இப்பொழுது முதற் குற்றவாளியை விசாரிப்போம். குடியேறிய நாட்டின் வழக்கு இது: "வளர்த்தோம், பயிற்சி தந்தோம், உன் ஆட்டம் எமக்கே உரியது."

1961 அக்டோபரில் ஜெர்மனி துருக்கியுடன் ஒப்பந்தம் செய்து தொழிலாளரை வரவழைத்தது. 1969இல் நெதர்லாந்து மொராக்கோவுடன் அவ்வாறே செய்தது. அவர்கள் விருந்துக்குப் போனவர்கள் அல்லர். சுரங்கங்களிலும் ஆலைகளிலும் உழைத்து அந்நாடுகளின் செல்வத்தைப் பெருக்கியவர்கள். வளர்த்த கடன் என்று ஒன்று இருக்குமானால் அந்தக் கடனைப் பாட்டனார் முன்பணமாகவே செலுத்திவிட்டார். பேரனிடம் மீண்டும் வசூலிக்க வருவது வட்டிக் கடைக்காரனின் கணக்கு.

மெசுத் ஓசில் நிலக்கரி நகரமான கெல்சன்கிர்ஷனில் 1988இல் பிறந்தவர். துருக்கிக் குடியுரிமையை விட்டு ஜெர்மனிக்காக ஆடத் துணிந்தார். 92 ஆட்டங்கள் ஆடி 23 கோல்கள் அடித்தார். 2014இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது அவ்வணியில் இருந்தார். "நீ எங்களைத் தேர்ந்தெடு" என்று கேட்டவர்களுக்கு இதைவிட முழுமையான விடை வேறு உண்டா? 2018 மே திங்களில் துருக்கி அதிபர் எர்துவானோடு நின்று படம் எடுத்துக் கொண்டார். அது அறிவுடைமையா என்று விவாதிக்க இடமுண்டு. அரசியல்வாதியோடு நிற்பதை விமரிசிக்க எவருக்கும் உரிமை உண்டு. ஆனால் அந்தப் படத்தோடு விமரிசனம் நிற்கவில்லை. அவர் ஜெர்மானியர்தாமா என்பதே வினாவாயிற்று. ரஷ்யாவில் அவ்வாண்டு உலகக் கோப்பையில் ஜெர்மனி முதற் சுற்றிலேயே வீழ்ந்ததும் பழி அவர் தலையில் இறங்கியது. ஜெர்மனியின் முன்னாள் தலைவர் ஒருவரும் வேறொரு நாட்டதிபரைச் சந்தித்தாரே, அவரை ஏன் எவரும் கேட்கவில்லை என்று தம் அறிக்கையில் வினவிய ஓசில், ஜூலை 22ஆம் நாள் அணியிலிருந்து விலகினார். வென்றால் ஜெர்மானியன், தோற்றால் குடியேறி என்று தாம் நடத்தப்படுவதாக அவர் மனம் நொந்து சொன்னதை உலகமே அறியும்.

ஆகவே, பெற்றோர்களே, இதைக் கவனியுங்கள்: ஜெர்மனியைத் தேர்ந்தெடுத்ததால் சோதனை முடிந்துவிடவில்லை. ஒவ்வொரு தோல்விக்குப் பிறகும் அது புதிதாகத் தொடங்கியது. முடிவே இல்லாத சோதனையைச் சோதனை என்பதா, தண்டனை என்பதா?

நெதர்லாந்திலே பிறந்த ஹக்கீம் ஸியாஷ் 2015இல் மொராக்கோவைத் தேர்ந்தெடுத்தபோது, அந்நாட்டின் புகழ்பெற்ற முன்னாள் ஆட்டக்காரர் மார்கோ வான் பாஸ்டன் அம்முடிவை மடமை என்று ஏளனம் செய்தார். பிரான்சிலோ நிலைமை ஏளனத்தோடு நிற்கவில்லை. அந்நாட்டுக் கால்பந்துச் சம்மேளனத்தின் உயர் அலுவலர்கள் 2010 நவம்பரில் கூடி, பயிற்சிப் பள்ளிகளில் சேர்க்கப்படும் இரட்டைக் குடியுரிமைச் சிறுவர்களின் எண்ணிக்கைக்கு வரம்பு கட்டலாமா என்று பேசினார்கள். 2011இல் மெதியாபார் என்னும் செய்தி நிறுவனம் அதை வெளிப்படுத்தியதும் நாடே அதிர்ந்தது. விசாரணை நடந்தது, வரம்பு நடைமுறைக்கு வரவில்லை. எனினும் அந்த எண்ணத்தைப் பாருங்கள்: பந்தைத் தொட்டு விளையாடும் பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளை, பின்னொரு நாள் வேறு நாட்டைத் தேர்ந்தெடுக்கக் கூடும் என்று அன்றே சந்தேகிக்கப்படுகிறான்! 1998 ஜூலை 12ஆம் நாள் பிரேசிலுக்கு எதிராகத் தலையால் இரு கோல்கள் அடித்துப் பிரான்சுக்கு முதல் உலகக் கோப்பையைத் தேடித் தந்த ஸினதீன் ஸிதான் அல்ஜீரியப் பெற்றோரின் பிள்ளை. அவரைக் கொண்டாடிய நாட்டிலேதான் இப்பேச்சு எழுந்தது.

இரண்டாவது குற்றவாளி மூதாதையர் நாடு. அதன் வழக்கு: "இரத்தம் எம்முடையது, பிள்ளையும் எம்முடையவன்."

2010 அக்டோபர் 8ஆம் நாள் பெர்லினில் ஜெர்மனியும் துருக்கியும் மோதின. ஓசில் பந்தைத் தொட்ட போதெல்லாம் துருக்கி ரசிகர்கள் சீழ்க்கை அடித்து இழித்தார்கள். அவர் அன்று கோல் அடித்தார். அடித்தும் மகிழ்ச்சி காட்டாமல் அமைதியாக நின்றார். அந்த அமைதியின் பொருளை அந்த மைதானத்தில் எத்தனை பேர் படித்தார்களோ! ஒரு வீட்டை வென்றதற்காக மறுவீட்டில் ஆரவாரம் செய்ய மனம் வராத பிள்ளையின் அடக்கம் அது. அதையும் நன்றிகெட்ட தனம் என்றே இரு வீட்டாரும் எழுதிக் கொண்டார்கள்.

இரத்த பாத்தியதை பேசும் நாடுகளை நான் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளையின் பாட்டனார் பிழைப்புத் தேடிப் புறப்பட்டபோது கப்பல் துறை வரை வந்து தடுத்தீர்களா? குளிர் நாட்டின் குடியிருப்பில் அவன் புறக்கணிக்கப்பட்ட போது எங்கே இருந்தீர்கள்? அவன் கால் பேர் பெற்ற பிறகு உங்கள் தூதுவர்கள் வாசலில் வந்து நிற்கிறார்கள். வாருங்கள், அழையுங்கள், அழைப்பதில் பிழையில்லை. அவன் "இல்லை" என்று சொன்னால் சாபமிட உங்களுக்கு என்ன உரிமை?

இனி மூன்றாவது குற்றவாளி, அது நாம்.

2022இல் கத்தரில் நடந்த உலகக் கோப்பையை யார் மறப்பார்? மொராக்கோ அணியின் 26 பேரில் 14 பேர் மொராக்கோவுக்கு வெளியே பிறந்தவர்கள். மாட்ரிட் நகரிலே பிறந்த அஷ்ரஃப் ஹக்கீமி, வீட்டு வேலை செய்து வளர்த்த தாயின் மகன், தெருவில் பொருள் விற்ற தந்தையின் மகன், டிசம்பர் 6ஆம் நாள் தாம் பிறந்த ஸ்பெயினுக்கு எதிராகவே கடைசிப் பெனால்டியை மெல்லத் தூக்கி வலையின் நடுவே இட்டார். நாம் கண்ணீர் மல்கினோம். நானும்தான். அரையிறுதி சென்ற முதல் அரபு நாடு, முதல் ஆப்பிரிக்க நாடு என்ற மகிழ்ச்சி இயல்பானது. அந்த மகிழ்ச்சியைக் குறை கூற நான் வரவில்லை.

மகிழ்ச்சியிலிருந்து ஃபத்வாவுக்குத் தாவினோமே, அங்குத்தான் தவறினோம். ஸ்பெயினின் இளையோர் முகாமில் தமக்கு வீடு போன்ற உணர்வு எழவில்லை என்பதே ஹக்கீமி சொன்ன காரணம். அவர் ஒரு வீட்டின் வாசத்தைத் தேடினார். கிடைத்த இடத்தில் நின்றார். யமாலுக்கு மத்தாரோ நகரின் ரொக்கஃபோந்தா என்னும் ஏழைக் குடியேறிகளின் பகுதியே அந்த வீடு. கோல் அடிக்கும்போதெல்லாம் அப்பகுதியின் அஞ்சற் குறியீட்டு எண்ணின் கடைசி மூன்று இலக்கங்களான 304ஐ விரல்களால் காட்டுகிறார். அவர் தந்தை மொராக்கோ நாட்டவர். தாய் எக்குவடோரியல் கினி நாட்டவர். "தகப்பன் நாட்டை விட்டான்" என்று கூவுவோர் அந்தத் தாயின் நாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதுண்டா? எண்ணிப் பார்த்தால் அவருக்கு மூன்று வீடுகள் அல்லவா?

யமால் தொழுகிறார், நோன்பு நோற்கிறார் என்று சாட்சி கூறி அவரைக் காப்பாற்ற நான் முனையவில்லை. அவ்வாறு செய்தால் நானும் அதே சோதனைச் சாவடியில் காவலனாக நின்றவன் ஆவேன். போர்க்களத்தில் தம் வாளுக்கு முன் கலிமாச் சொன்ன எதிரியை, உயிருக்கு அஞ்சிச் சொன்னான் என்று கருதி ஹஜ்ரத் உஸாமா (ரலி) அவர்கள் வெட்டிவிட்ட செய்தியை நீங்கள் பயான்களில் கேட்டிருப்பீர்கள். அவன் நெஞ்சைப் பிளந்து பார்த்தீரா என்னும் பொருள்பட நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீண்டும் மீண்டும் கடிந்து கேட்டார்கள். வாள் பிடித்து நின்ற எதிரியின் நெஞ்சையே பிளந்து பார்க்க அனுமதியில்லை. பந்து உதைக்கும் சிறுவனின் நெஞ்சைத் தேநீர்க் கடையில் பிளக்கிறோம்!

"நாட்டுப்பற்று ஈமானைச் சேர்ந்தது" என்பது போன்ற ஒரு வாசகத்தை நபிமொழி என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். நாட்டை நேசிப்பதை ஈமானோடு இணைக்கும் அவ்வாசகம் இட்டுக் கட்டப்பட்டது என்று இமாம் ஸகானீ (ரஹ்) போன்ற ஹதீஸ் கலை அறிஞர்கள் என்றோ தீர்ப்பளித்துவிட்டார்கள். ஆயின், தாய்மண்ணை நேசித்தல் தவறா? இல்லவே இல்லை. மக்காவை விட்டுப் பிரியும்போது பெருமானார் (ஸல்) அந்த நகரத்தை நோக்கி உருகியது உறுதியான செய்தி. மதீனாவில் காய்ச்சலில் கிடந்த ஹஜ்ரத் பிலால் (ரலி) மக்காவின் ஓடைகளையும் மலைகளையும் எண்ணி ஏங்கினார்கள். பெருமானார் அவரைக் கடியவில்லை. மக்காவைப் போல, அல்லது அதைவிட மிகுதியாக, மதீனாவையும் எங்களுக்கு நேசத்துக்குரியதாக்குவாயாக என்னும் கருத்தில் துஆச் செய்தார்கள். ஒரு நேசத்தை அழித்து மற்றொன்றை நட வேண்டுமென்று வேண்டவில்லை; ஒன்றன் அருகே மற்றொன்றையும் வைக்கும்படி வேண்டினார்கள். மக்கா வெற்றி கொள்ளப்பட்ட பிறகும் மதீனாவுக்கே திரும்பினார்கள், அங்கேயே அடக்கமானார்கள். மக்காவுக்குத் துரோகம் செய்தார்கள் என்று சொல்ல எந்த நாவு துணியும்?

என் மாணவன் மஸ்அலா என்றல்லவா கேட்டான்? மஸ்அலாவாகவே விடை சொல்கிறேன். பிரயாணத் தொழுகையின் பாடத்தில் "வதன் அஸ்லீ" என்றொரு சொல் வரும். ஒருவன் பிறந்த ஊர், அல்லது குடும்பத்தோடு நிலையாக வாழும் ஊர், அதாவது அவனுடைய உண்மையான சொந்த ஊர் என்பது பொருள். அங்கே அவன் பிரயாணி அல்லன். தொழுகையைச் சுருக்காமல் முழுமையாகத் தொழ வேண்டும். அத்தகைய சொந்த ஊர் ஒருவனுக்கு இரண்டு இருக்கலாமா? இருக்கலாம் என்றே ஹனஃபி மத்ஹபின் அறிஞர்கள் எழுதி வைத்தார்கள். ஹிஜ்ரி 587இல் மறைந்த இமாம் காஸானீ (ரஹ்) அவர்களின் பதாயிஉஸ் ஸனாயிஃ என்னும் நூலில் இதைக் காணலாம். இரண்டு ஊர்களில் குடும்பமும் வீடும் உள்ளவன் எந்த ஊருக்குள் நுழைந்தாலும் முழுத் தொழுகை தொழுவான். எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம் நூலோர் இதை விளங்கிக் கொண்டார்கள். ஜெர்மனியைப் பாருங்கள். அங்குப் பிறந்த குடியேறிகளின் பிள்ளைகள் 23 வயதுக்குள் ஒரு குடியுரிமையைத் துறக்க வேண்டுமென்று 2000ஆம் ஆண்டில் விதித்த அரசு, 2014இல் அதைத் தளர்த்தி, 2024 ஜூன் 27 முதல் இரட்டைக் குடியுரிமையைப் பொதுவாகவே ஏற்றுக் கொண்டது. அந்நாட்டுச் சட்டமே நம் பழைய பாடத்துக்கு நெருங்கி வந்து கொண்டிருக்க, நாம் அதை விட்டு விலகி ஓடுகிறோம்.

சிலர் மறுப்புக் கூறுவர்: "இது அன்பின் பிரச்சினையே அன்று, ஹஜ்ரத். பெரிய நாடு அழைக்கவில்லை என்றதும் சிறிய நாட்டுக்குப் போகிறார்கள். சந்தர்ப்பவாதம்." இந்த மறுப்பில் உண்மை உண்டு, மறைக்க மாட்டேன். அவ்வாறு சென்றவர்கள் இருக்கிறார்கள். அதனால் என்ன? ஆட்டக்காரனின் ஆயுள் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். கதவு திறந்த வீட்டில் நுழைபவனைக் குற்றம் சொல்லும் நாம், நம் பிள்ளைகளைத் துபாய்க்கும் கோலாலம்பூருக்கும் எந்தக் காரணத்துக்காக அனுப்பினோம்?

இங்கே இரண்டு பொருள்களைப் பிரித்தறிதல் வேண்டும். ஒன்று அஹ்து, அதாவது ஒப்பந்தம். மற்றொன்று மஹப்பத், அதாவது நேசம். நாட்டணியின் சட்டையை அணிவது அஹ்து. அதை அணிந்தவன் முழு மூச்சோடு ஆட வேண்டும். உறவுக்காரர் எதிரணியில் இருக்கிறார் என்று காலைத் தளர்த்தக் கூடாது. வாக்கை நிறைவேற்றுமாறு மார்க்கம் வலியுறுத்துகிறது. அதைக் கேட்க நாட்டுக்கு உரிமை உண்டு. நேசத்தையோ எந்த நாடும் கணக்குக் கேட்க இயலாது. ஓசில் பெர்லினில் கோல் அடித்தது அஹ்து. அடித்துவிட்டு அமைதியாக நின்றது மஹப்பத். இரண்டையும் ஒரே நிமிடத்தில் நிறைவேற்றிய அந்த இளைஞர் எவருக்கு என்ன குறை வைத்தார்?

இதை நாடுகளை விடக் குடும்பங்கள் நன்கு உணர்ந்திருக்கின்றன. பாசல் நகரில் பிறந்த ஜாக்கா சகோதரர் இருவர், கொசோவோ அல்பேனியப் பெற்றோரின் பிள்ளைகள். 2016 ஐரோப்பியக் கோப்பையில் கிரானித் ஸ்விட்சர்லாந்துக்கும் தவ்லாந்து அல்பேனியாவுக்குமாக எதிரெதிரே ஆடினார்கள். அவர்களின் தாயார் பாதி ஸ்விட்சர்லாந்தும் பாதி அல்பேனியாவுமாகத் தைத்த சட்டையை அணிந்து அரங்கில் அமர்ந்திருந்தார். கானாவிலிருந்து சஹாராப் பாலைவனத்தைக் கடந்து ஸ்பெயினை அடைந்த பெற்றோரின் பிள்ளைகள் வில்லியம்ஸ் சகோதரர்கள். மூத்தவர் இஞ்ஞாக்கி கானாவுக்கு ஆடினார். இளையவர் நிக்கோ 2024 ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டத்தில் ஸ்பெயினுக்காகக் கோல் அடித்தார். இவர்களில் எந்தப் பிள்ளை துரோகி? எந்தத் தாய் எந்த மகனை வீட்டை விட்டு விரட்டினாள்? சம்மேளனத் தலைவர்களுக்கும் நம் தேநீர்க் கடை முஃப்திகளுக்கும் விளங்காத ஒன்றை, சட்டையைப் பாதியாக வெட்டித் தைத்த அந்தத் தாய் விளங்கிக் கொண்டாள்.

கண்ணியமிக்க பெற்றோரே, இறுதியாக ஒன்று. ஐரோப்பாவின் ஆட்டக்காரர்களைப் பற்றி இத்துணை நீளமாக எழுதக் காரணம் உண்டு. 1990இல் பிரிட்டனின் அரசியல் தலைவர் நார்மன் டெபிட், ஆசியக் குடியேறிகள் கிரிக்கெட்டில் எந்த அணிக்காகக் கைதட்டுகிறார்கள் என்பதைக் கொண்டு அவர்களின் விசுவாசத்தை அளக்கலாம் என்னும் கருத்தைச் சொன்னார். அந்தத் தராசு நமக்குப் புதிதன்று. நம் நாட்டில், நம் தெருவில், ஒரு பந்தயத்துக்கு மறுநாள் நம் பிள்ளைகளின் முகத்துக்கு நேரே அது எத்தனை முறை நீட்டப்பட்டது! தலைமுறை தலைமுறையாக இந்த மண்ணிலே பிறந்து, இந்த மண்ணிலே அடங்கி, இந்தத் தமிழையே தாய்மொழியாகப் பேசும் நாம், "நீ யார் பக்கம்?" என்ற கேள்வியைக் கேட்டுத் தலைகுனிந்து வகுப்பிலிருந்து திரும்பிய மகனைத் தேற்றியிருக்கிறோம். அந்தக் கேள்வி எவ்வளவு கொடியது என்பதை நம்மைவிட அறிந்தவர் யார்? நம்மைச் சுட்ட அதே இரும்பைக் கையில் எடுத்து, எங்கோ ஸ்பெயினிலுள்ள சிறுவனுக்குச் சூடு போடுகிறோமே, இது தகுமா?

தன் கூட்டத்தை நேசிப்பது அஸபிய்யத், அதாவது இனவெறி ஆகுமா என்று பெருமானார் (ஸல்) அவர்களிடம் வினவப்பட்டபோது, நேசிப்பது அன்று, அநீதியில் தன் கூட்டத்துக்குத் துணை நிற்பதே அஸபிய்யத் என்னும் கருத்தில் விடையளித்தார்கள். மொராக்கோ வென்றால் மகிழுங்கள். துருக்கி வென்றாலும் மகிழுங்கள். யமாலின் ஆட்டத்தை ரசித்தாலும் பாவமில்லை. ஒரு பிள்ளையின் மீது அநீதியாக வீசப்படும் சொல்லுக்கு மட்டும் துணை நிற்காதீர்கள்.

அந்த மாணவனுக்கு நான் அன்று அளித்த விடையையே இங்கும் எழுதி முடிக்கிறேன். "தம்பி, கூடும். ஸ்பெயினுக்கு ஆடுவதும் கூடும். மொராக்கோவுக்கு ஆடுவதும் கூடும். இரண்டு சொந்த ஊர்கள் உள்ளவன் இரண்டிலும் முழுத் தொழுகை தொழ வேண்டியவன். அவனை இரண்டு ஊரிலும் பிரயாணியாக்கி நிறுத்துவதுதான் கூடாது." அவன் அமர்ந்தான். பாடம் தொடங்கியது. தேநீர்க் கடைப் பெரியவருக்கு நான் வைத்திருந்த கடனும் இத்துடன் தீர்ந்தது. அவரும் இந்த இதழைப் படிப்பவர்தாம். வஸ்ஸலாம்.